முதலாண்டு கால்குலஸும் லீனியர் அல்ஜீப்ராவும்: எங்கே தொடங்குவது, எங்கே கவனமாக இருப்பது

அறிவியல், பொறியியல் எதை எடுத்தாலும் முதலாண்டில் இந்த இரண்டு பாடங்களும் அநேகமாக வந்துவிடும். நானும் இவற்றோடு நன்றாக மல்லுக்கட்டித்தான் வெளியே வந்தேன். அப்போது யாராவது உட்கார வைத்து வரிசையாகச் சொல்லியிருந்தால் நிறைய நேரம் மிச்சமாகியிருக்கும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால்குலஸில் மதிப்பெண் போவது பெரும்பாலும் பள்ளி அல்ஜீப்ராவில். லீனியர் அல்ஜீப்ராவில் போவது வரையறைகளில். முன்னதற்குக் கைப்பழக்கம் வேண்டும், பின்னதற்கு ஒவ்வொரு சொல்லும் சரியாக எதைச் சொல்கிறது என்ற தெளிவு வேண்டும். இரண்டும் கணிதம்தானே என்று ஒரே மாதிரி படித்தால் ஏதாவது ஒன்றில் கட்டாயம் மாட்டிக்கொள்வீர்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

1. முதல் வாரத்திலேயே கையில் இருக்க வேண்டிய தாள்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் இவற்றைச் சேர்த்து ஒரு கோப்பில் போடுங்கள். பாடத்திட்டம் முதலில். தலைப்புகளின் பட்டியல் மட்டும் போதாது, எந்த வாரம் எந்தத் தலைப்பு என்ற அட்டவணையும் சேர்த்து வாங்குங்கள். அடுத்து மதிப்பெண் பிரிப்பு: ஒப்படைப்புகளுக்கு எவ்வளவு, இடைத்தேர்வுக்கு எவ்வளவு, இறுதித் தேர்வுக்கு எவ்வளவு, இறுதித் தேர்வில் மட்டும் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்க வேண்டுமா என்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் பார்ப்பதே இல்லை. மொத்தத்தில் தேறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், இறுதித் தேர்வுக்கான தனி வரம்பில் கீழே போயிருப்பார்கள்.

பழைய வினாத்தாள்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு உரியவை இருந்தால் போதும். அதற்கும் பழையவற்றைத் தேடி அலைய வேண்டாம், பாடத்திட்டம் மாறியிருக்கும். வாங்கியதும் அவற்றைப் போட்டுப் பார்க்காதீர்கள். வினாக்களின் உருவத்தை மட்டும் பாருங்கள்: 'நிறுவுக' என்று வருகிறதா, 'கணக்கிடுக' என்று வருகிறதா, வரையறை எழுதச் சொல்கிறார்களா. லீனியர் அல்ஜீப்ராவில் இந்த வித்தியாசம் உங்கள் படிப்பு முறையையே மாற்றும். ஒரு வினாத்தாளை மட்டும் திறக்காமல் எடுத்து வையுங்கள், கடைசியில் வேண்டும்.

தேர்வறை விதிகளையும் இப்போதே கேளுங்கள். கால்குலேட்டர் அனுமதி உண்டா, எந்த மாதிரி, சூத்திரத் தாள் தருவார்களா, நாமே எழுதிக் கொண்டுபோகலாமா. சூத்திரத் தாள் கிடையாது என்றால் முக்கோணவியல் முற்றொருமைகளை மனப்பாடம் செய்ய வாரக்கணக்கில் நேரம் வேண்டும், அது முந்தைய நாள் தெரிந்து பயனில்லை.

தேதிகள் இரண்டு மிக முக்கியம். பாடத்திலிருந்து விலகிக்கொள்ளக் கடைசி நாள் ஒன்று, தேர்வுக்குப் பின் விடைத்தாளைப் பார்க்கக் கேட்பதற்கான காலக்கெடு இன்னொன்று. இரண்டையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

2. செலவு: எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

இந்தப் பாடங்களுக்குப் புத்தகச் செலவு என்று பெரிதாக ஒன்றும் வைக்கத் தேவையில்லை. முதலாண்டுக் கால்குலஸின் உள்ளடக்கம் பதிப்புக்குப் பதிப்பு அதிகம் மாறாது. புதிய பதிப்பில் மாறுவது பெரும்பாலும் பயிற்சிக் கணக்குகளின் எண் வரிசை. ஆனால் ஒப்படைப்பு அந்த எண்ணை வைத்துத்தான் வரும் என்பதால் பழைய பதிப்பை வாங்குபவர்கள் நூலகத்திலோ நண்பரிடமோ புதியதைப் பார்த்து எண்களை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

காசே இல்லாமல் கிடைப்பவை நிறைய. ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் கால்குலஸ் பாடநூல் மூன்று தொகுதிகளாக இலவசமாகவே இருக்கிறது. எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரில் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா இரண்டுக்கும் விரிவுரைக் காணொளிகளும் விடைகளோடு கூடிய பழைய தேர்வுத் தாள்களும் இருக்கின்றன. வரைபடம் போட்டுப் பார்க்க ஜியோஜீப்ராவோ டெஸ்மோஸோ போதும். விடை சரிபார்க்க ஆக்டேவ் என்ற மென்பொருள் அல்லது பைத்தான் நிரல்மொழியின் நம்பை, சிம்பை நூலகங்கள். எதற்கும் கட்டணம் இல்லை.

மாதச் சந்தா கட்டி வாங்கும் 'எல்லாக் கணக்குக்கும் தீர்வு' சேவைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காசு போவது ஒருபுறம் இருக்கட்டும், தீர்வை வாசித்துத் தலையாட்டும்போது புரிந்த மாதிரியே இருக்கும், வெற்றுத்தாளை எடுத்தால் முதல் வரி வராது. இலவசமாகக் கிடைக்கும் தீர்வுக்கும் இதேதான். தீர்வைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பாருங்கள், மூடுங்கள், மறுநாள் எதையும் பார்க்காமல் அதே கணக்கை முழுதாக எழுதுங்கள். எழுத வந்தால்தான் அந்தக் கணக்கு உங்களுடையது.

3. வகுப்பு தொடங்குவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் அல்ஜீப்ரா

இதைத் தாண்டிவிட்டு நேரே வகையிடலுக்குப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். போகாதீர்கள். திருத்தும் ஆசிரியர்கள் அதிகம் பார்க்கும் தவறுகள் என்னவென்று கேட்டுப் பாருங்கள், எல்லாம் பத்தாம் வகுப்பு விஷயமாக இருக்கும். 9 + 16 இன் வர்க்கமூலம் 5, அதை 3 + 4 = 7 என்று பிரிப்பது. 1/(2 + 3) என்பதை 1/2 + 1/3 ஆக்குவது. கூட்டலின் மடக்கையை மடக்கைகளின் கூட்டலாக எழுதுவது. கோணத்தை இரட்டிப்பாக்கினால் சைனும் இரட்டிப்பாகும் என்று எடுத்துக்கொள்வது. சைன் 30 பாகை 0.5, சைன் 60 பாகை 0.866, அது 1 ஆகாது. இப்படி எண்ணாகப் பார்த்தால் யாரும் ஏமாற மாட்டோம். எழுத்துகள் வந்ததும் கை தானாகத் தவறு செய்யும்.

சந்தேகம் வந்தால் எழுத்துக்குப் பதிலாக எண் போட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். இந்த ஒரு பழக்கம் இரண்டு செமஸ்டரும் கைகொடுக்கும்.

பின்னங்களைச் சேர்ப்பது, காரணிப்படுத்துவது, வர்க்கத்தை நிறைவாக்குவது, அடுக்கு விதிகள், மடக்கை விதிகள், சைன் காஸ் வரைபடங்கள், சமனின்மைகள். பட்டியல் இவ்வளவுதான். தினமும் ஒரு மணி நேரம், கால்குலேட்டர் இல்லாமல்.

இன்னொன்று, இனிமேல் கோணம் என்றால் ரேடியன், அதாவது 180 பாகையைப் பை என்று எடுக்கும் அளவு. சைனின் வகைக்கெழு காஸ் என்பது ரேடியனில் மட்டும்தான் உண்மை, பாகையில் எடுத்தால் பை/180 என்ற பெருக்கல் எண் கூடவே ஒட்டிக்கொள்ளும். கால்குலேட்டரில் சைன் 1 போடுங்கள். 0.8415 வந்தால் ரேடியன், 0.01745 வந்தால் பாகையில் நிற்கிறது, மாற்றிவிட்டு மேலே படியுங்கள்.

4. வாரத்துக்கு எவ்வளவு நேரம்

வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வெளியே இரண்டு மணி நேரம் என்பது பல இடங்களில் சொல்லப்படும் கணக்கு, இந்தப் பாடங்களுக்கு அது மிகையே இல்லை. ஐரோப்பாவின் ஈசிடிஎஸ் முறையில் 1 கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. 6 கிரெடிட் பாடம் என்றால் வகுப்பும் சேர்த்து 150 முதல் 180 மணி நேரம். அதைச் செமஸ்டரின் வாரங்களால் வகுத்துப் பாருங்கள், கடைசி வாரத்தில் உட்கார்ந்து முடித்துவிடும் வேலை இல்லை என்பது உடனே தெரியும்.

அந்த நேரத்தில் குறிப்பு எழுதுவதும் காணொளி பார்ப்பதும் பாதிக்கு மேல் போகக் கூடாது. மீதி முழுக்கக் கணக்குப் போடுவது. அப்புறம் மொத்தமாக ஒரே நாளில் உட்காராமல் நான்கைந்து நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், மாட்டிக்கொண்ட கணக்கை இரவில் விட்டுவிட்டு மறுநாள் எடுத்தால் பல நேரம் தானாக வழி தெரியும்.

ஒரு கணக்கில் எவ்வளவு நேரம் மாட்டிக்கொண்டு இருக்கலாம்? என் கணக்கு அரை மணி நேரம். அதற்குமேல் போனால் எந்த வரியில் நின்றேன், ஏன் நின்றேன் என்று ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். அந்த வாக்கியத்தோடு ஆசிரியரிடம் போனால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். 'ஒன்றுமே புரியவில்லை' என்று போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எச்சரிக்கை ஒன்று. கால்குலஸில் முதல் சில வாரங்கள் பள்ளியில் பார்த்தவைபோல இருக்கும், எல்லை, தொடர்ச்சி, எளிய வகையிடல். தெரிந்ததுதானே என்று அப்போது வகுப்பை விட்டவர்கள் தொகையிடல் உத்திகள் வரும்போது திரும்பி வருவார்கள், அதற்குள் வேகம் கூடியிருக்கும். லீனியர் அல்ஜீப்ராவிலும் இதே கதைதான், அங்கே மேட்ரிக்ஸ் (அணி) பெருக்கல் சுலபமாகப் போய்க்கொண்டிருக்கும், ஒரு வாரம் திடீரென்று 'வெக்டர் ஸ்பேஸ்' என்று தொடங்கும், தரையே மாறிவிடும். அந்த வாரம் எது என்று அட்டவணையில் பார்த்து, அதற்கு முன்வாரமே அந்த அத்தியாயத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

5. எல்லையும் வகையிடலும்

எல்லையில் நினைவில் வைக்க வேண்டியது, அந்தப் புள்ளியில் சார்பின் மதிப்பு என்ன என்பது கேள்வியே இல்லை, பக்கத்தில் போகப் போக எதை நெருங்குகிறது என்பதுதான் கேள்வி. (எக்ஸ்² − 9)/(எக்ஸ் − 3) என்பதில் எக்ஸ் 3 ஆகும்போது 0/0. காரணிப்படுத்தினால் எக்ஸ் + 3 மிஞ்சும், எல்லை 6. 3 இல் சார்பே இல்லை, எல்லை இருக்கிறது.

லோபிதாலின் விதி, அதாவது தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிட்டு எல்லை காணும் விதி, தெரிந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அதைப் போடுவார்கள். 0/0 அல்லது முடிவிலி/முடிவிலி என்ற வடிவம் இருந்தால் மட்டும் போடலாம். முதல் வரியில் வடிவத்தைச் சரிபார்த்து எழுதிவிட்டுப் போடுங்கள். எப்சிலான்-டெல்டா நிறுவல் (எல்லையை அதன் வரையறையிலிருந்தே நிறுவுவது) உங்கள் பாடத்திட்டத்தில் இருந்தால் நேர்கோட்டுச் சார்பு, வர்க்கச் சார்பு இரண்டுக்கும் கையால் எழுதிப் பழகுங்கள், பொறியியல் பிரிவுகளில் அதற்குமேல் பெரும்பாலும் கேட்பதில்லை.

வகையிடலில் மதிப்பெண் கசிகிற இடம் சங்கிலி விதி. ஓர் எடுத்துக்காட்டை நெருக்கமாகப் பார்ப்போம். சைன்(எக்ஸ்²) இன் வகைக்கெழு என்ன? வெளியே சைன், உள்ளே எக்ஸ்². வெளியை வகையிட்டால் காஸ்(எக்ஸ்²), உள்ளே இருப்பதன் வகைக்கெழு 2எக்ஸ், இரண்டையும் பெருக்க 2எக்ஸ் காஸ்(எக்ஸ்²). அந்த 2எக்ஸை விட்டுவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? எண் போடுங்கள். எக்ஸ் = 1 இல் சார்பின் மதிப்பு சைன் 1, அதாவது 0.84147. எக்ஸ் = 1.01 இல் சைன் 1.0201, அதாவது 0.85216. வித்தியாசம் 0.01069, அதை 0.01 ஆல் வகுத்தால் 1.069. நம் சூத்திரம் 2 காஸ் 1 = 1.081 தருகிறது, பக்கத்தில் இருக்கிறது, சரி. 2எக்ஸை விட்டிருந்தால் 0.54 வந்திருக்கும், பாதி. ஒரு நிமிட வேலை, ஆனால் கால்குலேட்டர் அனுமதி உள்ள தேர்வில் இது விலைமதிப்பில்லாதது.

விதிகளை அடுக்கடுக்காகப் போடும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் தனி வரி எழுதுங்கள். மனக்கணக்கில் மூன்று அடுக்கைச் சுருட்டினால் இரண்டாவது அடுக்கு காணாமல் போகும்.

பெருமம் சிறுமம் காணும் கணக்குகளில் வகைக்கெழுவைப் பூச்சியமாக்கி விடை எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இடைவெளியின் இரு முனைகளையும் பார்த்தே ஆக வேண்டும், பல வினாக்களில் விடை அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

6. தொகையிடல்: இங்கேதான் அதிக நேரம் வேண்டும்

வகையிடலுக்கு விதிகள் உண்டு, வரிசையாகப் போட்டால் எப்படியும் முடிந்துவிடும். தொகையிடலில் அப்படி உத்தரவாதமே இல்லை, உருவத்தைப் பார்த்து எந்த வழி என்று அடையாளம் காண வேண்டும். ஈ (e) என்ற மாறிலியின் அடுக்கில் மைனஸ் எக்ஸ்² என்ற சின்னச் சார்புக்குக்கூட நமக்குத் தெரிந்த சார்புகளால் ஆன தொகை கிடையாது. ஆனாலும் மைனஸ் முடிவிலியிலிருந்து முடிவிலி வரை அதன் மொத்தப் பரப்பு பை இன் வர்க்கமூலம் என்று சரியாகச் சொல்ல முடியும். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த இடம் அது, பல மாறிக் கால்குலஸுக்குப் போகும்போது ஏன் என்று பார்ப்பீர்கள்.

முயற்சி செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அல்ஜீப்ராவால் சுருக்க முடியுமா. இல்லையென்றால் பிரதியிடல். பிறகு இரண்டு வெவ்வேறு வகைச் சார்புகளின் பெருக்கலாக இருந்தால் பகுதித் தொகையிடல். பின்னமாக இருந்தால் பகுதிப் பின்னங்கள், அதிலும் தொகுதியின் படி பகுதியின் படியைவிடக் குறைவாக இல்லையென்றால் முதலில் நீள்வகுத்தல். முக்கோணவியல் பிரதியீடு கடைசியில்.

ஒரே மாதிரிக் கணக்கு இருபதை வரிசையாகப் போடுவது முதல் நாளுக்குச் சரி. அதற்குப் பிறகு எல்லா உத்திகளையும் கலைத்துப் போட்ட பட்டியலில்தான் பயிற்சி செய்ய வேண்டும், ஏனென்றால் 'பகுதித் தொகையிடல்' என்ற தலைப்பு தேர்வில் மேலே எழுதியிருக்காது. கணக்கை முடிக்கக்கூட வேண்டாம், எந்த உத்தி, பிரதியிடல் என்றால் எதை யு என்று எடுப்பது என்று மட்டும் எழுதிக்கொண்டே முப்பது கணக்குகளைத் தாண்டிப் போகும் பயிற்சியும் நல்லது.

இரண்டு பொறிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரதியிட்டால் வரம்புகளும் மாறும். எக்ஸ் × (எக்ஸ்² + 1)³ என்பதை 0 முதல் 2 வரை தொகையிட வேண்டும் என்று வையுங்கள். யு = எக்ஸ்² + 1 என்றால் யு 1 முதல் 5 வரை ஓடும். யு³/2 இன் தொகை யு⁴/8, ஆகவே (625 − 1)/8 = 78. பழைய வரம்பு 0, 2 ஐ அப்படியே விட்டிருந்தால் 16/8 = 2 வரும். எக்ஸ் = 2 இல் மட்டும் சார்பின் மதிப்பு 250, அப்படியிருக்க 0 முதல் 2 வரையிலான பரப்பு வெறும் 2 ஆக இருக்குமா என்று ஒரு நொடி யோசித்தாலே பிடித்துவிடலாம்.

இரண்டாவது, நடுவில் வெடிக்கும் சார்பு. 1/எக்ஸ்² ஐ −1 முதல் 1 வரை சூத்திரத்தில் போட்டால் −2 வரும். எங்கும் நேர்மதிப்பாக இருக்கும் சார்புக்குப் பரப்பு எப்படிக் குறைமதிப்பாகும்? எக்ஸ் = 0 இல் சார்பு முடிவிலிக்குப் போகிறது, இந்தத் தொகை விரிகிறது, விடையே இல்லை. வரம்புகளுக்கு நடுவில் பகுதி பூச்சியமாகிறதா என்று பார்க்காமல் எந்தத் தொகையையும் தொடாதீர்கள்.

தொகையிடலில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு, விடையை வகையிட்டுப் பார்த்துவிடலாம். எக்ஸ் × ஈ^எக்ஸ் க்கு விடை எக்ஸ் ஈ^எக்ஸ் − ஈ^எக்ஸ் என்று வந்ததா, வகையிடுங்கள், தொடங்கிய இடத்துக்கு வந்தால் அந்தக் கணக்கைப் பற்றி மறுபடி யோசிக்கவே வேண்டாம்.

7. தொடர்கள்

செமஸ்டரின் கடைசியில் அவசரமாக நடத்தப்படும் பகுதி, அதனாலேயே பலர் விட்டுவிடுவார்கள். உறுப்புகள் பூச்சியத்தை நோக்கிப் போனாலே தொடர் ஒருங்கும் என்பது தவறு. 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும் தொடரின் உறுப்புகள் பூச்சியத்துக்குப் போகின்றன, கூட்டல் மட்டும் வரம்பில்லாமல் வளர்கிறது. பெருக்குத் தொடர், விகிதச் சோதனை, ஒப்பீட்டுச் சோதனை, பிறகு ஈ^எக்ஸ், சைன், காஸ் மூன்றின் டெய்லர் தொடர்கள் (சார்பை எக்ஸின் அடுக்குகளின் கூட்டலாக எழுதுவது), இவை இருந்தால் முக்கால்வாசி கைக்குள் வந்த மாதிரி. ஈ^எக்ஸ் தொடரில் எக்ஸ் = 1 போட்டால் 1 + 1 + 1/2 + 1/6 + 1/24 என ஐந்து உறுப்பிலேயே 2.7083 வந்துவிடுகிறது, ஈ இன் மதிப்பு 2.71828. பின்னால் இயற்பியலிலும் எண்சார் முறைகளிலும் அன்றாடம் பயன்படப்போவது இதுதான்.

8. லீனியர் அல்ஜீப்ரா: நீக்கல் முறையைக் கைக்குக் கொண்டுவருவது

இதற்குக் கால்குலஸ் முடித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கட்டாயம் இல்லை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் பல மாறிக் கால்குலஸுக்கு முன்னாலோ கூடவோ எடுத்துவிடுங்கள், அங்கே மாறிகளை மாற்றும்போது வரும் ஜாக்கோபியன் ஒரு டிட்டர்மினன்ட் (அணிக்கோவை) தான்.

முதல் சில வாரங்களுக்கு ஒரே வேலை, கவுஸ் நீக்கல் முறை, அதாவது சமன்பாடுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து மாறிகளை நீக்குவது. பின்னால் வரும் ரேங்க் (சார்பற்ற நிரைகளின் எண்ணிக்கை), நேர்மாறு, சார்பின்மை, ஐகன் வெக்டர் எல்லாமே கடைசியில் இதில்தான் வந்து நிற்கும். கையெழுத்து தெளிவாக, நிரைகள் நேராக, ஒவ்வொரு படியிலும் எந்த நிரையை எதால் பெருக்கி எதிலிருந்து கழித்தீர்கள் என்று ஓரத்தில் எழுதிப் போடுங்கள்.

எக்ஸ் + ஒய் + இசட் = 6, 2எக்ஸ் + 3ஒய் + இசட் = 11, எக்ஸ் − ஒய் + 2இசட் = 5 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் இரு மடங்கைக் கழித்தால் 0, 1, −1, வலப்புறம் −1. மூன்றிலிருந்து முதலைக் கழித்தால் 0, −2, 1, வலப்புறம் −1. இப்போது மூன்றோடு இரண்டின் இரு மடங்கைக் கூட்டினால் 0, 0, −1, வலப்புறம் −3. கீழிருந்து மேலே ஏறினால் இசட் 3, ஒய் 2, எக்ஸ் 1. விடையை மூன்று சமன்பாட்டிலும் திரும்பப் போட்டுப் பாருங்கள். இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் விடைத்தாளைக் கொடுப்பவர்கள் கையில் இருக்கும் மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

இதே கணக்கை இன்னொரு விதமாகவும் பாருங்கள். நிரல்கள் (1, 2, 1), (1, 3, −1), (1, 1, 2). முதலாவதை 1 மடங்கும் இரண்டாவதை 2 மடங்கும் மூன்றாவதை 3 மடங்கும் எடுத்துக் கூட்டினால் (6, 11, 5). அதாவது சமன்பாட்டைத் தீர்ப்பது என்றால் வலப்புற வெக்டரை நிரல்களின் கலவையாக எழுதுவது. இந்தப் பார்வை மனதில் உட்கார்ந்துவிட்டால் ஸ்பான் (வெக்டர்களின் எல்லாக் கலவைகளும் சேர்ந்தது), ரேங்க் எல்லாம் அதன் மறுபெயர்களாகவே தெரியும். வெறும் நிரைகளை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு அடுத்த பகுதி இருட்டாக இருக்கும்.

9. வரையறைகள்

இங்கே படிப்பு முறை மாற வேண்டும். கணக்குகளைக் குவித்துப் பயனில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: நேரியல் சார்பின்மை, ஸ்பான், பேசிஸ், பரிமாணம், துணைவெளி, நல் ஸ்பேஸ், ரேங்க். அந்தப் பக்கத்தில் வரையறையைப் பார்க்காமல் எழுதுங்கள், புத்தகத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். கீழே பொருந்தும் எடுத்துக்காட்டு இரண்டு, பொருந்தாதது இரண்டு. பொருந்தாததுதான் முக்கியம்.

சார்பின்மையை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒன்று மற்றொன்றின் மடங்காக இல்லாமல் இருப்பது' என்று பலர் மனதில் வைத்திருப்பார்கள். இரண்டு வெக்டருக்கு அது சரி. (1, 0), (0, 1), (1, 1) மூன்றையும் பாருங்கள். எந்த இரண்டை எடுத்தாலும் ஒன்று மற்றதன் மடங்கு இல்லை, ஆனாலும் முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வந்துவிடுகிறது, ஆகவே மூன்றும் சேர்ந்து சார்புடையவை. வரையறை கேட்பது இது: இவற்றின் எந்தக் கலவையாவது பூச்சிய வெக்டரைத் தந்தால் எல்லாக் குணகங்களும் பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். அந்த 'எல்லா' என்ற சொல்லை விட்டு எழுதினால் வரையறையே கெட்டுப்போகும், திருத்துபவர் முதலில் அதைத்தான் தேடுவார்.

நிறுவல் வினாக்களில் என்ன எழுதுவது என்றே தெரியாமல் நின்றால், கொடுத்திருப்பதன் வரையறையை ஒரு வரியாக எழுதுங்கள், நிறுவ வேண்டியதன் வரையறையைக் கீழே எழுதுங்கள். முதலாண்டு நிறுவல்களில் பாதி, இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் மூன்று நான்கு வரிதான்.

10. டிட்டர்மினன்ட், ஐகன் மதிப்பு

டிட்டர்மினன்ட்டை விரித்துக் கணக்கிடுவது 3×3 வரைக்கும் சரி. 10×10 என்றால் முழு விரிவில் 10!, அதாவது 36,28,800 உறுப்புகள். நீக்கல் முறையில் சில நூறு பெருக்கல்களில் முடிந்துவிடும். ஆகவே 4×4 வந்தாலே நிரைச் செயல்களால் பூச்சியங்களை உண்டாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிரைகளை இடம் மாற்றினால் குறி மாறும் என்பதை மறக்க வேண்டாம். 3×3 மேட்ரிக்ஸ் முழுவதையும் 2 ஆல் பெருக்கினால் டிட்டர்மினன்ட் 8 மடங்காகும், 2 மடங்கு அல்ல.

மேட்ரிக்ஸால் பெருக்கினாலும் திசைக்கோடு மாறாமல் நீளும் வெக்டர் ஐகன் வெக்டர், நீளும் மடங்கு ஐகன் மதிப்பு. இதற்கு ஒரு சின்ன மேட்ரிக்ஸை மனப்பாடமாக வைத்திருங்கள், முதல் நிரை 2, 1, இரண்டாம் நிரை 1, 2. இதால் (1, 1) ஐப் பெருக்கினால் (3, 3), திசை மாறவில்லை, 3 மடங்கு நீண்டிருக்கிறது. (1, −1) ஐப் பெருக்கினால் அதுவேதான் திரும்ப வருகிறது. ஆக ஐகன் மதிப்புகள் 3, 1. சரிபார்ப்பும் கூடவே இருக்கிறது: மூலைவிட்டக் கூட்டல் 4 = 3 + 1, டிட்டர்மினன்ட் 3 = 3 × 1. எந்த ஐகன் கணக்கிலும் இந்த இரண்டையும் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள், 3×3 இலும் இது அப்படியே பொருந்தும்.

மிகப் பெரிய பொறி இங்கே ஒன்று உண்டு. நீக்கல் முறை பழகிய கை, ஐகன் மதிப்பு கேட்டாலும் முதலில் மேட்ரிக்ஸை நிரைச் செயல்களால் சுருக்கத் தொடங்கும். நிரைச் செயல்கள் ரேங்க்கை மாற்றாது, தீர்வுகளை மாற்றாது, ஆனால் ஐகன் மதிப்புகளை மாற்றிவிடும். மேலே சொன்ன அதே மேட்ரிக்ஸைச் சுருக்கினால் அலகு மேட்ரிக்ஸ் வரும், அதன் ஐகன் மதிப்புகள் 1, 1. விடை முழுதும் போயிற்று. லாம்டாவை, அதாவது தேடும் ஐகன் மதிப்பை, மூலைவிட்டத்திலிருந்து கழித்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

நம்பையில் விடை சரிபார்க்கிறீர்கள் என்றால், ஐகன் வெக்டர் (1, 1) க்குப் பதிலாக 0.7071, 0.7071 என்று காட்டும், குறியும் மாறியிருக்கலாம். பயப்பட வேண்டாம், நீளத்தை 1 ஆக்கித் தருகிறது, இரண்டும் ஒரே கோட்டில்தான் இருக்கின்றன. அதே நம்பையில் நட்சத்திரக் குறி போட்டால் மேட்ரிக்ஸ் பெருக்கல் நடக்காது, இடத்துக்கு இடம் பெருக்கும். மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கு மின்னஞ்சலில் வரும் @ குறி. ஆக்டேவில் நட்சத்திரமே மேட்ரிக்ஸ் பெருக்கல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள் இதில் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

11. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது

முதல் வாரம் பழைய வினாத்தாள்களைத் தலைப்பு வாரியாக, நேரம் பார்க்காமல். இரண்டாம் வாரம் முழுத்தாளாக, கடிகாரம் வைத்து, புத்தகத்தை வேறு அறையில் வைத்து. 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம், 10 மதிப்பெண் வினாவில் 18 நிமிடத்தைத் தாண்டினால் இடம் விட்டுவிட்டு அடுத்ததுக்கு நகருங்கள். மூன்றாம் வாரம், திறக்காமல் வைத்திருந்த அந்த ஒரு தாள், அதில் விழுந்த இடங்கள் மட்டும். புதிய தலைப்பு எதையும் அந்த வாரத்தில் தொடாதீர்கள்.

சூத்திரத் தாள் அனுமதி உண்டென்றால் அதை நீங்களே கையால் எழுதுங்கள், நண்பருடையதை நகலெடுக்க வேண்டாம், எது எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

தேர்வறையில் படிகளை எழுதுங்கள். பல இடங்களில் விடை தவறினாலும் வழிக்கு மதிப்பெண் உண்டு, வெறும் விடைக்குக் கிடைப்பது சொற்பம். கணக்கு தவறு என்று தெரிந்தும் திருத்த நேரம் இல்லையென்றால், 'இந்த விடை பொருந்தாது, காரணம் இது' என்று ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள், அதற்கு மதிப்பெண் தரும் ஆசிரியர்கள் உண்டு.

முடிவு வந்ததும், தேறியிருந்தாலும், காலக்கெடுவுக்குள் விடைத்தாளைப் பார்க்கக் கேளுங்கள். கூட்டல் தவறு இருக்கலாம். குறிப்பேட்டையும் பத்திரமாக வையுங்கள்: வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்துக்கு முதல் வாரத்திலிருந்தே பகுதிப் பின்னங்களும் ஐகன் மதிப்புகளும் வேண்டும், அங்கே யாரும் இவற்றைத் திரும்ப நடத்த மாட்டார்கள்.